தனித்தனியாகப் போட்ட கணக்கு

வசந்தி, நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாக இல்லை என்பதை உன் கடிதமே சொல்லிவிட்டது. அது வந்து ஒன்பது நாளாகிறது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். தினமும் எடுத்துப் படிக்கிறேன், திரும்ப அங்கேயே வைக்கிறேன். உன் அப்பா அதில் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மரக்காணம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கிளியனூர் வரனுக்குச் சம்மதம் என்று நீ எழுதியிருக்கும் வரி. அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்களுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். வருகிற வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய், தட்டு மாற்ற நாள் பேசிவிட்டு வருவதாக இருக்கிறார். அதற்குள் நான் இதை எழுதி முடித்தாக வேண்டும். கண் முன்போல இல்லை. வருடக்கணக்காக அந்த உப்பு வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கூசிப்போய்விட்டது. விரல் மூட்டும் வலிக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இதை உன் அப்பாவுக்கும் படித்துக் காட்டப்போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் எழுதுவேன், சலித்துக்கொள்ளாதே. பம்பாயில் நீ ஐந்து வருடமாக என்ன செய்கிறாய் என்று யாராவது கேட்டால் அவர், "அணுவுக்குள்ள எடை போடுது" என்பார். அது ஒன்றும் மோசமான பதில் இல்லை. ஒரு துகள் தனியாக நிற்பதே கிடையாது. கணந்தோறும் வேறு துகள்களை உமிழ்ந்து திரும்ப விழுங்கிக்கொண்டே இருக்கிறது. தாளில் அதை ஒரு வளையமாக வரைகிறோம். நாம் அளந்து பார்க்கும் நிறை என்பது, அந்தத் துகளின் சொந்த நிறையோடு இந்த வளையங்களும் சேர்ந்தது. மூட்டையில் உப்போடு ஈரமும் சேர்ந்து நிறுப்பது மாதிரி என்று அப்பாவிடம் ஒருமுறை சொன்னேன். ஈரம் காய்ந்துவிடும், உன் வளையம் காயுமா என்று கேட்டார். காயாது என்றேன். அப்படியென்றால் அது ஈரமே இல்லை என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு அளத்துக்குப் போய்விட்டார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி.

நம்மால் எட்ட முடியாத உயர்ந்த ஆற்றலில் மிகக் கனமான துகள்கள் இருக்கலாம். அவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாமலே, நமக்கு எட்டும் ஆற்றலுக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு கோட்பாட்டை வைத்துக்கொண்டு நாம் கணக்குப் போடலாம். கனமானவை விட்டுச்செல்லும் தடயம் இரண்டு மூன்று எண்களுக்குள் அடங்கிவிடும். இப்போது எல்லோரும் இதைத்தான் பேசுகிறார்கள் என்று நீ எழுதியிருந்தாய். ஆனால் தற்சுழற்சி இல்லாத ஒரு லேசான துகளின் நிறை மட்டும் இந்த ஒழுங்குக்கு அடங்குவதில்லை. கனமானது வளையத்தில் வந்தால் லேசானதையும் தன் கனத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. பிறகு அது எப்படி லேசாகவே இருக்கிறது என்பதுதான் உன் கேள்வி. நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். ஒரு வகைக் கனமான துகளின் வளையம் நிறையைக் கூட்டும். இன்னொரு வகையின் வளையம் அதே அளவு குறைக்கும். இரண்டும் கழிந்து, லேசானது யாருடைய தயவும் இல்லாமல் லேசாக நிற்கும். நீ அதை எழுதி அனுப்பிய நாளன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது.

ஆவணி மாதம் நீ அதைக் கருத்தரங்கில் பேசினாய். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த, கல்கத்தாவிலிருந்து வந்திருந்த ஒரு பையன் எழுந்து, முதல் வளையத்தில் ஓடும் துகளுக்கு மின்னூட்டம் உண்டா என்று கேட்டான். இல்லை என்றாய். அப்படியானால் பாதி எங்கே என்று கேட்டான். மின்னூட்டம் உள்ள துகள் என்றால் வளையத்துக்கு ஒரு திசை உண்டு, அம்புக்குறி போடலாம். மின்னூட்டம் இல்லாததற்குத் திசை கிடையாது. வளையத்தைத் திருப்பிப் போட்டாலும் அதே வளையம். ஒன்றையே இரண்டு தடவை எண்ணிவிடக்கூடாது என்று பாதியாக்க வேண்டும். நீ முதலில் மின்னூட்டம் உள்ள துகளை வைத்துப் போட்டிருந்தாய், பிறகு மாதிரியை மாற்றினாய், பழைய பக்கத்தில் இருந்த எண்ணை அப்படியே கொண்டுவந்துவிட்டாய். பாதி வந்தால் இரண்டு வளையமும் கழியாது. ஐந்து நிமிடம் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றதாக எழுதியிருக்கிறாய். அச்சில் வந்துவிட்ட கட்டுரைக்கு மூன்று வரியில் ஒரு திருத்தம் எழுதி அனுப்பினாய். யாரும் உன்னைத் திட்டவில்லை, எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள், அதுதான் தாங்கவில்லை என்றாய்.

அதற்கு அடுத்து நீ எழுதியிருப்பதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். "கவனக்குறைவு என்றால் எனக்கு வருத்தம் இருந்திருக்காது அம்மா. நீயும் நானும் தனித்தனியாகப் போட்டோம். இரண்டு பேருக்கும் அதே இடத்தில் அதே தப்பு. அப்படியென்றால் இது சறுக்கல் இல்லை. என் புத்திக்கு எட்டும் தூரமே இவ்வளவுதான். இருபத்தேழு வயதில் தெரிந்ததே நல்லது." அதற்குக் கீழேதான் கிளியனூர் வரி.

நாம் தனித்தனியாகப் போடும் வழக்கம் நீ பத்தாவது படித்தபோது ஆரம்பித்தது. நான் ஒரு சுவரைப் பார்த்து உட்காருவேன், நீ எதிர்ச் சுவரைப் பார்த்து உட்காருவாய். இரண்டு பேரும் "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் நோட்டை மாற்றிக்கொள்வோம். விடை வேறுபட்டால் உனக்குக் கோபம் வரும். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும், அன்றைக்கு உன்னோடு கொஞ்சநேரம் சண்டை போடலாம் என்று. நீ பம்பாய் போன பிறகு அதையே தபாலில் செய்தோம். ஒரு தாளில் கேள்வி. ஒட்டிய உறைக்குள் உன் விடை. நான் போட்டு முடித்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். புதிய முறைகளையெல்லாம் உன் கடிதங்களிலிருந்தே கற்றுக்கொண்டேன். மத்தியான வெயிலில் அளத்து வேலை நிற்கும் நேரம் எனக்கு அதற்குப் போதுமாக இருந்தது. உன் கட்டுரையின் கடைசியில், கணக்கைச் சுயேச்சையாகச் சரிபார்த்த என் அம்மாவுக்கு நன்றி என்று நீ எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தை அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு, தபால்காரர் வந்தாலும் கூப்பிட்டுக் காட்டினார்.

வசந்தி, மாசி மாதம் நான் போட்ட கணக்கில் அந்தப் பாதி இருந்தது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். முதல் வளையத்தை வரைந்ததும் பக்கத்தில் பாதி என்று எழுதிவிட்டுத்தான் மேலே போனேன். இதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. நான் குறுக்கு வழி தெரியாதவள், ஒவ்வொரு வளையத்துக்கும் விரல்விட்டு எண்ணித்தான் பழக்கம். நாலு நாள் கழித்துக் கணக்கு முடிந்தது. லேசான துகள் லேசாக நிற்கவில்லை; பாதி கழியாமல் மிஞ்சியது. பிறகு உன் உறையைப் பிரித்தேன். உன் தாளில் எல்லாம் கழிந்து பூஜ்யம். ஓரத்தில், "அம்மா, பார்த்தாயா?" என்று எழுதியிருந்தாய்.

அடுத்த இரண்டு நாள் நான் தப்பைத் தேடினேன். என் தப்பைத் தேடினேன். உன்னுடையதைத் தேடவேயில்லை. நான் பரீட்சை எழுதி முப்பத்தொரு வருடமாகிறது, இவளோ தினமும் அங்கே இதையே சுவாசிக்கிறாள், இவளுக்குத் தெரியாதா என்று நினைத்தேன். இரண்டாம் நாள் ஒரு சமாதானமும் கிடைத்தது. இப்போதெல்லாம் அந்தப் பாதியைத் தொடக்கத்திலேயே, துகள்கள் ஒன்றோடொன்று பிணையும் எண்ணுக்குள் சேர்த்து எழுதிவிடுகிறார்கள் போலிருக்கிறது, அதனால் தனியாகப் போடத் தேவையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சேர்த்திருந்தால் கேள்வித்தாளில் இருந்திருக்கும். அதில் இல்லை. பார்த்தேன், இல்லை என்று தெரிந்தது, ஆனாலும் பாதியை அடித்தேன். ஒரு இன்லண்ட் லெட்டரில், "இந்தப் பாதியை எங்கே வைத்திருக்கிறாய்?" என்று கேட்டிருந்தால் போதும். கேட்க வெட்கமாக இருந்தது. இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாதா என்று நீ மனசுக்குள் நினைத்துவிடுவாயோ என்று பயம். அப்புறம் புதுத்தாளில் சுத்தமாக எழுதி, விடை ஒத்துப்போகிறது என்று போட்டு அனுப்பினேன். நீ என்னிடம் கேட்டது சரிபார்க்கச் சொல்லி. நான் கொடுத்தது ஆமாம் சாமி.

வெட்கம் ஒரு பக்கம் என்றால் ஆசை இன்னொரு பக்கம். அந்தப் பூஜ்யம் உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். என் வயிற்றில் பிறந்தது இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தது என்று ஆசைப்பட்டேன். பிள்ளைகள் மேல் வைக்கும் ஆசையில் கெடுதல் என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இருக்கிறது. நீ அந்தக் கரும்பலகைக்கு முன்னால் நின்ற ஐந்து நிமிடத்தை உனக்கு வாங்கிக் கொடுத்தது என் ஆசைதான். மாசியிலேயே நான் மறுத்து எழுதியிருந்தால், என்மேல் கோபப்பட்டு, நாலு பக்கம் திட்டி எழுதி, ஐந்தாவது பக்கத்தில் நீயே கண்டுபிடித்திருப்பாய். கட்டுரை அச்சுக்கே போயிருக்காது. அந்தச் சண்டையை நான் உனக்குக் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை உன் அப்பா முன்னால் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இப்போது விட்டால் எப்போதும் சொல்லமாட்டேன். நான் சென்னையில் ஒரு வருடம் ஆராய்ச்சி செய்துவிட்டுப் பாதியில் வந்தவள் என்று உனக்குத் தெரியும். உன் தாத்தா படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்தார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் பதினாறாவது வயதில் அவரிடம் நீ முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாயே, அது இதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. உண்மை வேறு. எலக்ட்ரானின் நிறைக்கு வரும் திருத்தத்தைத்தான் எனக்கும் கொடுத்திருந்தார்கள். ஒரே ஒரு தொகையீட்டில் நாலு மாதம் மாட்டிக்கொண்டேன். எப்படிப் போட்டாலும் முடிவிலிதான் வந்தது. கூடப் படித்தவர்கள் அதைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். அப்போதுதான் மரக்காணத்து உப்பள வீட்டுச் சம்பந்தம் வந்தது. உன் தாத்தா, படிப்பு முடியட்டும், அவர்கள் காத்திருப்பார்கள் என்றார். நான்தான் வேண்டாம், இப்போதே முடித்துவிடுங்கள் என்றேன். அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அது காய்ச்சல் விட்டது மாதிரி இருந்தது. யாரும் என்னைத் தோற்றவள் என்று சொல்லமாட்டார்கள், கல்யாணமாகிப் போனவள் என்பார்கள்.

உன் அப்பாவைக் கட்டிக்கொண்டதில் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இல்லை. நான் இதைப் படிக்கும்போது அவர் கேட்டுக்கொண்டிருப்பார், அதனால் எழுதிவைக்கிறேன்: ஒரு நாளும் இல்லை. வருத்தமெல்லாம் நான் வந்த வழியைப் பற்றித்தான். உன் கடிதத்தில் கிளியனூர் வரியைப் படித்தபோது அதே நிம்மதி அதில் தெரிந்தது. எழுத்துகூட அந்த ஒரு வரியில் மட்டும் நேராக, அழகாக இருந்தது. நான் பயந்துபோனேன்.

அந்தக் கிளியனூர்ப் பையனைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லப்போவதில்லை. சித்திரையில் நீ வந்திருந்தபோது பெண் பார்க்க வந்தான். திண்டிவனத்தில் வாத்தியார் வேலை, சத்தம் போட்டுப் பேசாத ஆள். வளையம் என்றால் என்ன என்று உன்னிடம் கேட்டு, நீ சொன்னதைக் கடைசிவரை கேட்டான். புரியவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னான். நீ அன்றைக்கு, யோசிக்க வேண்டும் என்றுதான் சொன்னாய். யோசித்துச் சரி என்று வந்தால் நானே முன்னால் நின்று நடத்துவேன். ஆனால் உனக்கு நீயே கொடுத்துக்கொள்ளும் தண்டனையாக அவனைக் கட்டிக்கொள்ளாதே. அது அவனுக்கும் அநியாயம். நீ சரி என்று சொன்னதற்குக் காரணமாகக் காட்டியிருப்பது, இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டும் ஒரே தப்பு வந்தது என்பதை. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. தப்பு செய்தது ஒருத்தி. ஒரு பழைய பக்கத்திலிருந்து ஒரு எண் கூடவே வந்துவிட்டது, அவ்வளவுதான், யாருக்கும் வரும். இன்னொருத்தி செய்தது வேறு. அது கணக்கில் வரும் தப்பே இல்லை.

மாசியில் போட்ட பழைய தாள்களையும் இதோடு வைத்திருக்கிறேன். அப்பாவின் போன வருடத்துக் காலண்டர் தாள்களின் பின்பக்கம். எட்டாவது தாளில் பாதியை அடித்திருப்பது தெரியும். ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஒன்றை மட்டும் கேட்டுவிடுகிறேன், இது அம்மாவாக இல்லை, கணக்குப் போடுகிறவளாக. அந்த மின்னூட்டமில்லாத துகள் ஒன்றுக்குப் பதில் இரண்டு இருந்தால், இரண்டு பாதியும் சேர்ந்து ஒன்றாகி, உன் பூஜ்யம் திரும்ப வருகிறது. இதை நீ யோசித்திருப்பாய். இல்லை, இந்த ஒரு மாதமாக நீ எதையுமே யோசித்திருக்கமாட்டாய். சும்மா ஒன்றைக் கூடச் சேர்த்தால் அது கணக்கை வளைப்பது. அதை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன், நீ செய்யாதே. இரண்டு இருந்தே தீரவேண்டும் என்பதற்கு இயற்கையில் ஒரு காரணம் இருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் இருக்கிறதா, யாராவது கேட்டிருக்கிறார்களா, அதுவும் தெரியாது.

இதுவரை எழுதியதை இன்று காலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மழை வரும்போல மூடிக்கொண்டிருந்தது, உப்புக் குவியல்களுக்கு ஓலை மூட ஆளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டிய நேரம். ஆனாலும் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். வளையம் வந்த இடங்களில் தலையை ஆட்டினார். தாத்தா சமாச்சாரம் வந்தபோது என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப ஒன் கணக்கு சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"சரின்னு தெரிஞ்சுகினே ஏம்மா மாத்தின?"

நான் தாள்களை அடுக்கி மடித்தேன். அவர் எழுந்து சட்டத்தில் இருந்த உன் கட்டுரைப் பக்கத்தைக் கழற்றித் துடைத்து, கொஞ்சநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். எடுத்துவிடப்போகிறார் என்று நினைத்தேன். திரும்ப அதே ஆணியில் மாட்டினார். தப்புக் கட்டுரையாச்சே என்றேன். எழுதியிருப்பது நம்ம பொண்ணுதானே என்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"வெள்ளிக்கிழம நான் கிளியனூரு போறேன். நாள் பேச இல்ல. அவ சரின்னு சொன்னது தப்பான கணக்க வச்சிகினு. அந்தச் சரிய எடுத்துகினு போயி நான் எப்படித் தட்டு மாத்தறது? கொஞ்சம் பொறுங்க, பொண்ணு இன்னொரு வாட்டி யோசிச்சிச் சொல்லும்னு சொல்லிட்டு வர்றேன். அவுங்க வேணாம்னா வேணாம்."

மிட்டாய் கொடுத்தாகிவிட்டதே, ஊரில் கேட்பார்களே என்றேன். மிட்டாயைத் திருப்பியா கேட்கப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முப்பது வருடத்தில் இந்த மனிதரை நான் பாதிதான் தெரிந்து வைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

உன் பேராசிரியருக்கும் ஒரு கடிதம் எழுதினேன். மாசியில் என் விடை வேறாக இருந்தது, அதை மறைத்துச் சரி என்று எழுதியவள் நான் என்று. உன்னைக் கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று முதலில் நினைத்தேன். நீ வேண்டாம் என்பாய், நானும் அதையே சாக்காக வைத்துக்கொள்வேன். அதனால் இன்றைய தபாலிலேயே போட்டுவிட்டேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும். என்னை மன்னித்துவிடு என்று இப்போது கேட்கமாட்டேன், அதற்குப் பதில் சொல்லும் சுமையையும் உன் தலையில் வைக்க எனக்கு இஷ்டமில்லை. ரொம்பக் களைப்பாக இருக்கிறது வசந்தி. பொய்யைத் தூக்கிக்கொண்டு திரிந்த களைப்பு என்று நினைக்கிறேன். இறக்கி வைத்த பிறகுதான் தெரிகிறது.

நீ எழுதிய சம்மதத்தை நானும் அப்பாவும் உன்னிடமே திருப்பித் தருகிறோம். அது இனி இங்கே யாரிடமும் இல்லை. மாதம் ஒன்றாகட்டும், மூன்றாகட்டும். பம்பாயிலேயே இரு, இல்லை கிளம்பி வந்து கொஞ்சநாள் சும்மா தூங்கு. கல்யாணம் என்றாலும் சரி, கணக்கு என்றாலும் சரி, இரண்டுமே என்றாலும் சரி, நீயாகப் போட்டுப் பார்த்து எழுது. இந்தத் தடவை எந்த விடை வரவேண்டும் என்று நான் ஆசைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டேன்.